நாற்காலிக்கும் கவுனுக்கும் எதற்கு மியூசியம்?

ஓவியத்துக்கு மியூசியம் இருப்பது யாருக்கும் புதிராகத் தெரிவதில்லை. சிலைக்கும் அப்படியே. ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் ஒரு நாற்காலி, ஒரு மேஜை விளக்கு, ஒரு தட்டச்சு இயந்திரம், பொம்மைக்கு மாட்டிய ஒரு கவுன் என்று வரிசையாக இருந்தால், முதல்முறை போகிறவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இதையெல்லாம் கடையிலேயே பார்க்கலாமே, இதற்கு ஏன் இத்தனை கண்ணாடி, இத்தனை காவல், அதுவும் இந்த அரை இருட்டில்? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்துகொண்டு போனால் அதே நாற்காலி வேறு மாதிரி தெரியும்.

லிஸ்பன் நகரத்தின் ருவா அகுஸ்டா தெருவில், ஒரு பழைய வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கும் ‘மூட்’ என்ற வடிவமைப்பு, ஆடை அருங்காட்சியகத்தை வைத்து இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். போர்ச்சுகலுக்கு யாரும் டிக்கெட் போட வேண்டிய அவசியம் இல்லை. இந்த வகை மியூசியம் ஒன்றின் எல்லாச் சிக்கல்களும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பதால் விளக்குவதற்கு வசதி, அவ்வளவுதான். அங்கே திறக்கப்பட்ட நீண்டகாலக் கண்காட்சி ஒன்றின் தலைப்பே ஏறக்குறைய நம் கேள்விதான்: ‘பொருள்கள் எதற்குப் பயன்படுகின்றன?’

முதலில் நாற்காலி. மிகைல் தோனெட் என்ற தச்சரின் நிறுவனம் வியன்னாவிலிருந்து 1859-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும்: வளைந்த மரக்கழியாலான முதுகு, வட்டமான பிரம்பு இருக்கை. பழைய ஐரோப்பிய காபிக்கடைப் படங்களில் எல்லாம் இதுதான் இருக்கும். பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இது மியூசியத்துக்கு வரவில்லை. பீச் மரக்கழியை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வைத்து வளைத்தார்கள். அதுவரை நாற்காலி என்றால் மரத்தைச் செதுக்கி, துளைபோட்டு, பசைவைத்து இணைக்கிற கைவேலை. தோனெட்டின் நாற்காலியில் 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. கழற்றிய நிலையில் 36 நாற்காலிகளை ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடுக்கலாம். கப்பலில் ஏற்றி உலகின் மறுமுனைக்கு அனுப்பி, அங்கே ஒரு ஆள் திருப்புளியை வைத்துக்கொண்டு பூட்டிவிடலாம். இன்று ஆன்லைனில் வாங்கிய அலமாரியைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு நாம் திட்டும் திட்டுக்கெல்லாம் மூதாதை இந்த நாற்காலிதான்.

ஆக, வடிவமைப்பு என்று இவர்கள் சொல்வது அலங்காரத்தை இல்லை. ஒரு பொருளை எதைக்கொண்டு செய்வது, எத்தனை துண்டாகச் செய்வது, எப்படி ஏற்றி அனுப்புவது, யார் கைக்கு எட்டும் விலையில் விற்பது என்று ஒருவர் எடுத்த முடிவுகளின் மொத்தம்தான் அது. அந்த முடிவுகள் கண்ணுக்குத் தெரிகிற இடம் பொருளின் மூட்டுகள். ஆகவே நாற்காலியைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். கால் எங்கே சேருகிறது, திருகாணியா பசையா, எங்கே பொருளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குனிந்து பார்த்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு நாற்காலியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் மியூசியத்தின் தலைவலி ஆரம்பமாகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த வெர்னர் பான்டன் என்பவருக்கு, கால் என்று தனியாக எதுவும் இல்லாமல், ‘எஸ்’ எழுத்தைப்போல ஒரே வளைவாக, ஒரே பிளாஸ்டிக் துண்டில் நாற்காலி செய்ய ஆசை. விட்ரா நிறுவனத்தோடு சேர்ந்து 1967-இல் அதைக் கொண்டுவந்தார். முதலில் கண்ணாடி இழை கலந்த பாலியெஸ்டர். அப்புறம் கெட்டியான பாலியூரித்தேன் நுரை. 1971-இல் அச்சில் ஊற்றி மளமளவென்று தயாரிக்கக்கூடிய வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அது சில வருடங்களில் முதுமை தட்டி உடைய ஆரம்பித்தது. 1979-இல் தயாரிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு 1990-இல் மீண்டும் பாலியூரித்தேன், 1999-இல் பாலிபுரோப்பிலீன் என்று அதே வளைவு வேறு வேறு உடம்பெடுத்து வந்துகொண்டே இருந்தது. மியூசியத்தில் இந்த நாற்காலியைப் பார்த்தால் அருகில் இருக்கும் விவரச் சீட்டில் ஆண்டையும், எதனால் செய்தது என்பதையும் படியுங்கள். நிறம் ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருக்கும் கதை முற்றிலும் வேறு.

பிளாஸ்டிக் அழியாது என்று சுற்றுச்சூழல் பாடத்தில் படித்துவிட்டு, மியூசியத்தில் 1960-களின் நுரை நாற்காலிகள் ரொட்டித் தூளைப்போல உதிர்வதைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். மண்ணிலும் கடலிலும் அது துகளாகிப் போனாலும் மறையாமல் கிடக்கிறது என்பதும் உண்மை. செய்த வடிவத்தில் நிற்பதில்லை என்பதும் உண்மை. கல்லும் வெண்கலமும் ஆயிரம் வருடம் நிற்கின்றன, நம் அப்பா காலத்து பஞ்சு இருக்கை ஐம்பது வருடத்துக்கே தாக்குப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

கவுனுக்கு வருவோம். ஆடையைப் பார்க்கும்போது பலரும் ‘இதை யார் உடுத்தினார், எவ்வளவு விலை’ என்றுதான் தேடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் அதைவிடச் சுவையான கேள்வி, ‘இத்தனை துணி எங்கிருந்து வந்தது?’ என்பது. 1947 பிப்ரவரி 12-ஆம் தேதி பாரிசில் கிறிஸ்தியான் தியோர் தன் முதல் ஆடைத் தொகுப்பைக் காட்டினார். ஒட்டிப் பிடித்த இடுப்பு, புடைத்த இடுப்பெலும்புப் பகுதி, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை விரியும் பாவாடை. இதை ‘புதிய தோற்றம்’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பிரிட்டனில் 1941-இல் தொடங்கிய துணிக் கூப்பன் முறை 1949 வரை இருந்தது. கூப்பன் எண்ணிச் சட்டை வாங்குகிற காலத்தில் ஒரே பாவாடைக்கு மீட்டர் மீட்டராகத் துணி! சிலருக்கு ஆசை, சிலருக்கு ஆத்திரம். இரண்டும் அந்த மடிப்புகளுக்குள் இருக்கின்றன.

அந்தத் தொகுப்பின் புகழ்பெற்ற ‘பார்’ ஜாக்கெட்டை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் போன்ற இடங்கள் வைத்திருக்கின்றன. தந்த நிறப் பட்டு. அதைப் பார்க்கும்போது அந்த உடம்புவாகு இயற்கை என்று நம்பிவிடக் கூடாது. இடுப்புக்குக் கீழே ஜாக்கெட்டின் மடிப்புக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள். உடம்பு உடையை நிரப்பவில்லை. உடைதான் உடம்பைச் செய்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி உடையைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பது. முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். தையல் தெரிந்தவர்கள் உடனே பின்னால் போவார்கள், கொக்கி எங்கே, பிளவு எங்கே, விளிம்பை மடித்துத் தைத்த கை எவ்வளவு நிதானம் என்று பார்ப்பார்கள். அவர்கள் பின்னாலேயே போய்விடுங்கள், பாதி படிப்பு அதிலேயே முடிந்துவிடும்.

இருட்டு ஏன்?

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். துணிக்காட்சி அறைகளில் வெளிச்சம் பொதுவாக 50 லக்ஸைத் தாண்டாது. ஒரு சாதாரண அலுவலகத்தில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். ஆகவே தெருவிலிருந்து நேராக உள்ளே வந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். பொறுமையில்லாமல் செல்போன் டார்ச்சைப் போடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

வெளிச்சம் சாயத்தைத் தின்கிறது. மொட்டைமாடியில் காயப்போட்டு மறந்த சேலையின் மேல்மடிப்பு மட்டும் வெளுத்துப்போய் நிற்பதை வீட்டிலேயே பார்த்திருப்போம். மியூசியத்தில் அதே கணக்கு மெதுவாக நடக்கிறது. முக்கியமான சங்கதி என்னவென்றால், கெடுதல் சேர்ந்துகொண்டே போகும். 50 லக்ஸில் 10 மணி நேரம் வைத்தால் எவ்வளவு கெடுமோ, 500 லக்ஸில் ஒரு மணி நேரம் வைத்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு கெடும். அதனால் சில மாதம் காட்டிவிட்டு, பல வருடம் இருட்டறையில் பூட்டிவைக்கிறார்கள். ‘ஓய்வு கொடுக்கிறோம்’ என்று சொல்வது வழக்கம், ஆனால் அது ஒரு பேச்சுக்குத்தான். மனிதருக்கு ஓய்வு கொடுத்தால் உடம்பு தேறும், சாயம் தேறாது. மிச்சம் இருக்கும் நிறத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள், அவ்வளவே.

எல்லாத் துணியிலும் பட்டுக்குத்தான் கண்டம் அதிகம். அதிலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஐரோப்பியப் பட்டு ஒரு சோகக்கதை. பட்டு நூலைச் சுற்றி இயற்கையாக ஒரு பசை உண்டு. அதைக் காய்ச்சி நீக்கினால்தான் பளபளப்பு வரும், ஆனால் எடையில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். பட்டு எடைபோட்டு விற்கிற சரக்கு. நஷ்டத்தை ஈடுகட்ட, வெள்ளீயம், இரும்பு போன்ற உலோக உப்புக் கரைசல்களில் நூலை ஊறவைத்தார்கள். எடை ஏறியது, துணிக்கு ஒரு கனமும் மொடமொடப்பும் வந்தது, சில சமயம் இழந்த எடையைவிடக் கூடுதலாகவே ஏற்றினார்கள். வாங்கியவருக்குச் சந்தோஷம். நூறு வருடம் கழித்து அந்த உப்பு உள்ளேயிருந்தே இழையை அறுக்கிறது. தொடாமல் வைத்திருந்தாலும் மடிப்பு விழுந்த இடங்களில் கத்தியால் கீறியதுபோல நீள நீளமாகக் கிழியும். அப்படிப்பட்ட கவுன் ஒன்றை மல்லாக்கப் படுக்கவைத்துக் காட்டியிருந்தால், பொம்மைக்கு மாட்டச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். தொங்கவிட்டால் அதன் எடையே அதைக் கிழித்துவிடும். 1920-களின் மணிகோத்த உடைகளுக்கும் இதே கதி: மெல்லிய துணி, அதன்மேல் கிலோக்கணக்கில் கண்ணாடி மணி.

பொம்மை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். துணிக்கடையில் பொம்மை முதலில் நிற்கும், அதற்கேற்ற சட்டையை மாட்டுவார்கள். மியூசியத்தில் தலைகீழ். உடை இருக்கிறது, அதை உடுத்திய உடம்பு இல்லை. அந்த உடம்பைத் திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலும் சிறிய பொம்மையை எடுத்துக்கொண்டு, தேவையான இடத்தில் பாலியெஸ்டர் பஞ்சை அடுக்கடுக்காக வைத்து, மேலே வழுவழுப்பான துணியைத் தைத்து, உடையின் உட்புற அளவுக்குக் கொண்டுவருவார்கள். இடுப்பை இறுக்கிக் கட்டிய காலத்து உடை என்றால் இன்றைய பொம்மையின் இடுப்பு அதற்குள் நுழையவே நுழையாது. பொம்மையைத்தான் அறுத்துச் சின்னதாக்க வேண்டும், உடையை ஒரு நூல்கூடப் பிரிக்க முடியாது. ஒரே உடையை நிறுத்த நாள்கணக்கில் ஆவதுண்டு. இந்த வேலை சரியாகச் செய்யப்பட்டிருந்தால் நம் கண்ணுக்கே படாது, பாவம்.

அப்புறம் அந்துப்பூச்சி. பறக்கிற பூச்சி துணியைத் தின்னாது, அதற்கு அந்த வயதில் சாப்பாடே கிடையாது. அதன் புழுதான் கம்பளி, மென்மயிர், பட்டு எல்லாவற்றையும் தின்னும். ஆகவே புதிதாக ஒரு உடை வந்தால் நேராகச் சேமிப்பறைக்குப் போகாது. பாலித்தீனில் காற்றுப்புகாமல் சுற்றி, மைனஸ் 30 டிகிரி குளிரில் மூன்று நாள் போல வைப்பார்கள். மைனஸ் 20 பக்கம் என்றால் ஒரு வாரத்துக்கு மேல். முட்டையும் புழுவும் செத்த பிறகுதான் மற்ற துணிகளோடு சேர்ப்பார்கள். காட்சி அறையின் மூலையில், தரையோடு ஒட்டி, சின்னக் கூடாரம்போல மடித்த அட்டை ஒன்று இருந்தால் உற்றுப் பாருங்கள். உள்ளே ஒட்டும் பசை, நடுவில் பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய வில்லை. வாசனையை நம்பி வரும் ஆண் பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும். வாராவாரம் எத்தனை ஒட்டியது என்று எண்ணிக் குறிப்பார்கள். விலைமதிப்பில்லாத கவுன்களின் உயிர், பல மியூசியங்களில் அந்த அட்டைக் கூடாரத்தின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

கட்டடமும் ஒரு காட்சிப்பொருள்

இதுவரை சொன்னதை எல்லாம் கூட்டினால் ஆடை மியூசியத்துக்கு எப்படிப்பட்ட கட்டடம் வேண்டும்? ஜன்னல் இல்லாத, ஈரப்பதம் ஏறி இறங்காத, புதிதாகக் கட்டிய ஒரு கான்கிரீட் பெட்டி. ஆனால் உலகத்தில் இந்த மியூசியங்கள் பல, ஆளுயர ஜன்னல்கள் கொண்ட பழைய அரண்மனையிலும் வங்கியிலும் மாளிகையிலும்தான் குடியிருக்கின்றன. ஏன் என்றால், பழைய கட்டடத்துக்கும் துணிக்கும் தேவை நேரெதிர். துணியை உடுத்தினால் கெடும், உடுத்தாமல் வைத்தால் கொஞ்சம் நிற்கும். கட்டடம் அப்படியில்லை. பூட்டிப் போட்டால்தான் சீக்கிரம் கெடும். ஓட்டில் நீர் ஒழுகினாலும் பார்க்க ஆளிருக்காது, ஒரு மழையில் உத்திரம் போய்விடும். ஆள் நடமாட்டம் இருக்கிற வீடுதான் நிற்கும். ஆகவே கட்டடத்துக்கு வேலை கொடுக்க ஊருக்கு ஒரு காரணம் வேண்டும், மியூசியத்துக்கு இடம் வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் தொல்லையை ஒருவர் சகித்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள்.

லிஸ்பனில் நடந்ததைப் பாருங்கள். 1755 நவம்பர் 1-ஆம் தேதி பூகம்பம், சுனாமி, தீ மூன்றும் சேர்ந்து நகரத்தின் மையத்தைத் துடைத்துப் போட்டன. மன்னரின் அமைச்சராக இருந்து பின்னாளில் பொம்பால் பிரபு ஆனவர், மானுவெல் த மாயா முதலிய பொறியாளர்களை வைத்து அந்தப் பகுதியை நேர்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டினார். ஒவ்வொரு வீட்டின் சுவருக்குள்ளும் குறுக்குச் சட்டங்கள் போட்ட மரக்கூண்டு ஒன்றை வைத்தார்கள். பூமி ஆடினால் கல் உதிரலாம், கூண்டு நிற்க வேண்டும் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டு ஆட்டம் காண்கிறதா என்று சோதித்ததாகச் சொல்வார்கள். அதோடு ஜன்னல், கதவு, கல்சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நிர்ணயித்து, வேறிடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். தோனெட் நாற்காலிக்கு நூறு வருடத்துக்கு முன்பே, துண்டு துண்டாகச் செய்து பூட்டுகிற அதே யோசனையில் ஒரு நகரம்! வடிவமைப்பு மியூசியம் இப்படி எழுந்த ருவா அகுஸ்டா தெருவில் இருப்பது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முதல் காட்சிப்பொருளைப் பார்த்துவிடுகிறோம்.

அந்தத் தெருவில் ஒரு முழு மனைத்தொகுதியையும் பிடித்துக்கொண்டு வளர்ந்தது பாங்கோ நாசியோனால் உல்ட்ராமரீனோ என்ற வங்கி. 1864-இல் தொடங்கிய இது, போர்ச்சுகலின் காலனிகளுக்கான வங்கி. கோவாவிலும் இதற்குக் கிளை இருந்தது, அங்கே புழங்கிய ரூபியா நோட்டுகளை வெளியிட்டதும் இதுதான். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்டீனோ த சில்வா என்ற கட்டடக்கலைஞர் உள்ளே பெருமளவு மாற்றிக் கட்டினார். தரைத்தளத்தில் பளிங்கில் நீண்ட கவுண்டர், அடித்தளத்தில் பெட்டக அறை, வரிசை வரிசையாக லாக்கர்கள். வேறொரு பெரிய வங்கியோடு 2001-இல் இணைந்தபின் இந்த இடம் காலியானது. வேறு உபயோகத்துக்காக உட்புறத்தை இடிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள். மரப்பலகையும் பளிங்கும் பெயர்த்தெடுக்கப்பட்டு, கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் எலும்பும் தோலுமாக நின்றன.

இதற்கிடையே லிஸ்பன் மாநகராட்சியிடம் ஒரு பெரிய சேகரிப்பு இருந்தது. பிரான்சிஸ்கோ கப்பேலோ என்பவர் பல வருடமாகச் சேர்த்த 20-ஆம் நூற்றாண்டு மேசை நாற்காலிகளும் பாரிஸ் ஆடைகளும் அவை. 2002-இல் மாநகராட்சி வாங்கியது. 2009 மே மாதம் இந்தச் சேகரிப்பையும் அந்தக் காலிக் கட்டடத்தையும் சேர்த்துவைத்தார்கள். அந்த முதல் திறப்பில் இடிபாட்டை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. சுரண்டிய தூண்களுக்கு நடுவே, சரக்கு ஏற்றும் மரத்தட்டுகள்மேல் உலகின் விலை உயர்ந்த நாற்காலிகளை வைத்துக் காட்டினார்கள். பணமில்லாததால் வந்த ஏற்பாடு என்றாலும், அழகழகான பளிங்கு மண்டபங்களைவிட அது நன்றாக வேலை செய்தது என்பது என் கட்சி. பூசாத சுவருக்கு முன்னால் நின்றால், எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி தானாக வரும். 2016-இல் முழுச் சீரமைப்புக்காக மூடி, 2024 ஜூலையில் திறந்தார்கள். மரத்தட்டு போய்விட்டது. பெயர்த்த தழும்புகளை எல்லாம் பூசி மெழுகிவிடாமல் பல இடங்களில் அப்படியே விட்டிருப்பது ஆறுதல்.

போகிறவர்கள் அடித்தளப் பெட்டக அறையைத் தவறவிட வேண்டாம். கனத்த எஃகுக் கதவு, உள்ளே சின்னச் சின்ன லாக்கர் கதவுகளின் சுவர். இந்தியர்களுக்கு அங்கே நினைத்துப் பார்க்க ஒன்று இருக்கிறது. இந்த வங்கியின் கோவா கிளையில் ஊர் மக்கள் அடகு வைத்த நகைகளை, 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் நுழைவதற்குச் சற்று முன்பு லிஸ்பனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவை இந்தியாவுக்குத் திரும்ப 1991 ஆயிற்று. முப்பது வருடம்! தாலிக்கொடி போன்ற நகையை வைத்துக் கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் திரும்பக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

பாரிசில் இருக்கும் பாலே காலியேரா இன்னொரு ரகம். காலியேரா சீமாட்டி தன் ஓவியங்களை வைப்பதற்கென்றே லியோன் ஜினேன் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு கட்டத் தொடங்கினார். கட்டி முடிவதற்குள் மனம் மாறி, ஓவியங்களை இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1888-இல் காலமானார். 1894-இல் கட்டடம் தயார், உள்ளே மாட்ட ஒன்றுமில்லை. பாரிஸ் நகரம் அதை எதற்கெதற்கோ பயன்படுத்தி, கடைசியில் 1977-இல் ஆடை மியூசியம் ஆக்கியது. வெளியே கல்தூண் வரிசை, உள்ளே உயரமான ஜன்னல்கள், எல்லாம் ஓவியத்துக்காகச் செய்தவை. ஆடை எதையும் நிரந்தரமாகக் காட்ட முடியாது என்பதால் ஒரு கண்காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே மியூசியமே மூடிக்கிடந்தது. 2020-இல் அடித்தளத்தின் செங்கல் வளைவறைகளைச் சீரமைத்துப் புதிய கூடங்கள் திறந்தார்கள். சீமாட்டியின் மாளிகையில் துணிக்கு ஏற்ற இடம், வெளிச்சமே எட்டாத நிலவறைதான் என்று ஆனது.

நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் அகமதாபாத் காலிகோ ஜவுளி மியூசியம். 1949-இல் கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும் தொடங்கியது. இப்படி ஒன்று வேண்டும் என்ற யோசனையைக் கௌதமுக்குச் சொன்னவர், கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. 1980-களில் சாராபாய் குடும்பத்தின் ஷாஹிபாக் மாளிகைக்கு இடம் மாறியது. பழைய குஜராத்தி வீடுகளின் செதுக்கிய மரமுகப்புகளைக் கொண்டுவந்து அங்கே பொருத்தியிருக்கிறார்கள். மின்விளக்கு அளந்து அளந்துதான் எரியும். முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான், போட்டோவும் கூடாது. வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் நடக்கலாம், பிடித்த துணிமுன் நம் இஷ்டத்துக்கு நிற்க முடியாது. எனக்கு இந்தக் கடைசி விதிதான் கசப்பு; மற்றதெல்லாம் ஏன் என்று மேலே பார்த்தோம்.

எந்த ஊரானாலும், கிளம்பும் முன் இணையத்தில் ‘மியூசியம் திறந்திருக்கிறதா’ என்று மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் பார்க்க நினைக்கும் பொருள் இப்போது காட்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். சேகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் உள்ளேதான் தூங்கும். படிக்கும் கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பொடி எழுத்துச் சீட்டு உயிரை வாங்கும். முதுகுப் பையைக் கவுண்டரில் கொடுத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் முன்னால் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். திரும்பும்போது அது எதை இடிக்கும் என்று நமக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். நாலைந்து பொருளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தால் போதும். மாடிப்படியின் கைப்பிடி, மேல்தளத்தின் விதானம், மூடிவைத்த ஜன்னலின் உட்பக்கம் இவற்றுக்கும் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குச் சீட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள்.

ஐரோப்பிய ஆடை மியூசியங்களுக்குப் போகிற தமிழர்கள் 18-ஆம் நூற்றாண்டுப் பிரிவில் கொஞ்சம் நிதானிக்கலாம். டச்சுக்காரிகளின் மேல்சட்டை, ஆங்கிலேயச் சீமாட்டிகளின் பாவாடை என்று பூப்போட்ட பருத்தி உடைகள் நிற்கும். சீட்டில் ‘சோழமண்டலக் கரை’ என்று எழுதியிருக்கும். பழவேற்காடு, மசூலிப்பட்டினம் பக்கத்துக் கைகள் மூங்கில் எழுதுகோலால் வரைந்து, படிகாரம் தோய்த்து, சாயவேரில் சிவப்பு ஏற்றிய துணி அது. துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பைப் பார்த்து ஐரோப்பா வாயைப் பிளந்தது. பிரான்ஸ் 1686-இலும் பிரிட்டன் 1701-இலும் உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்றத் தடைச்சட்டம் போட்டன. தடையை மீறியும் உடுத்தினார்கள். தைத்தவர் பெயர் சில சமயம் சீட்டில் இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது. பூக்களின் ஓரத்தில் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று குனிந்து பாருங்கள், கை தெரியும்.